இரண்டரைச் சிவப்புச் சீட்டு

வீட்டில் அவளுக்குக் கடைக்குட்டி என்று பெயர். இருப்பதே இரண்டு பெண்கள். அதில் என்ன கடை, என்ன குட்டி என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. மூத்தவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். கடைக்குட்டி திரைப்படக் கல்லூரியில் கடைசி வருடம். பன்னிரண்டு நிமிடத்தில் ஓர் ஆவணப்படம் எடுத்துக் கொடுத்தால் பட்டம் கையில். கொடுக்காவிட்டால் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மறுபடி ஒரு பருவம்.

அவள் பிடித்தது வட்டார நூலகத்து மாடியில் நடக்கும் ரிப்பேர் கிளப்பை. பெயர்ப்பலகையில் ஏதோ நீளமாக எழுதியிருக்கும், அதை யார் படித்தார்கள்? சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஆறு மேஜை போட்டு, உடைந்த சாமானோடு வருகிறவர்களுக்குச் சும்மாவே சரி பண்ணித் தருவார்கள். ஓடாத விசிறி, விரியாத குடை, கண் மூடாத பொம்மை, எதைக் கொண்டு போனாலும் மூஞ்சி சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள். படி ஏறியதும் வாசல் மேஜையில் ஒருவர் உட்கார்ந்து, என்ன சாமான், என்ன கோளாறு என்று சீட்டு எழுதித் தருவார். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான்.

கிளப்பில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று மணி. சாமான் சரியானதும் அதைக் கொண்டு வந்தவரே சுவிட்சைப் போட்டு, ஓடுவதைக் கண்ணால் பார்த்து, சுவரில் மாட்டியிருக்கும் பித்தளை மணியை அடிக்க வேண்டும். மணி அடிக்கிற வரைக்கும் அது சரியானதாகக் கணக்கில்லை. இன்னொன்று சிவப்புச் சீட்டு. சரி பண்ணுகிறேன் பேர்வழி என்று இருந்ததையும் கெடுத்துவிட்டால், கெடுத்தவர் தன் பெயரையும் எப்படிக் கெட்டது என்பதையும் சிவப்பு அட்டையில் எழுதி, எல்லோரும் பார்க்கப் பலகையில் குத்த வேண்டும். யாரும் திட்ட மாட்டார்கள். அட்டை மட்டும் வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும்.

கடைக்குட்டிக்கு வேண்டியிருந்தது அந்த மணி அடிக்கும் கணம். செத்துக் கிடந்தது உயிரோடு எழுந்திருக்கும், கொண்டு வந்தவர் முகம் மலரும், மணி அடிக்கும். படம் அங்கேதான் இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயம். ஆனால் பாருங்கள், மூன்று சனிக்கிழமை போயும் அது சிக்கவில்லை. முதல் வாரம் லென்ஸ் மூடியை எடுக்காமலே எடுத்தாள். இரண்டாவது வாரம் மூன்றாம் மேஜையை எடுத்துக்கொண்டிருந்தபோது ஐந்தாம் மேஜையில் மணி அடித்தது. மூன்றாவது வாரம் கார்டு நிறைந்துவிட்டது. குளிக்கப் போகும்போதெல்லாம் கதவு தட்டப்படுகிற கதைதான்.

கிளப்பில் எல்லோரையும்விடக் கேமராவுக்கு முன்னால் அழகாகப் பேசியவர் லிஃப்ட்காரர். ஐம்பது வயசு இருக்கும். வாரம் ஐந்து நாள் மாடிக் கட்டடங்களில் மின்தூக்கி பழுது பார்க்கிற வேலை. அவள் வர ஆரம்பித்ததிலிருந்து சனிக்கிழமைகளில் இஸ்திரி போட்ட சட்டையும் சட்டைப் பையில் சீப்புமாக வந்தார். முதல் வாரமே சொன்னார்:

"லிஃப்ட் நின்னாதாம்மா எல்லாருக்கும் என் ஞாபகம் வரும், அதுவும் வையுறதுக்கு. ஓட ஆரம்பிச்சிட்டா ஏறிப் போயிட்டே இருப்பாங்க. ஒருத்தன் நன்றின்னு சொன்னதில்ல. இங்க பாரு, மணி அடிக்கிறாங்க. இந்த மூணு மணி நேரத்துக்காகத்தான் மீதி அஞ்சு நாள் தொங்குறேன்."

நான்காவது சனிக்கிழமை தையல்காரம்மா ஓவர்லாக் மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். துணி ஓரம் பிரியாமல் தைக்கிற மெஷின். தையல் விழாமல் தாவித் தாவிப் போனது. ஆஸ்பத்திரிக்கு நாற்பது கோட்டு திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும்.

"இது ஓடலேன்னா நான் செத்தேன்" என்றார்.

"மெஷினை என்கிட்ட விடுங்க, கவலைய வெளிய விடுங்க" என்றார் லிஃப்ட்காரர், கேமரா இருக்கும் திசையைப் பார்த்து.

கீழே நூலைச் சுழற்றிக் கொடுக்கும் கொக்கி ஒன்று உண்டு, லூப்பர் என்பார்கள். அது இடம் நழுவியிருந்தது. ஒன்றரை மணி நேரம் தலை நிமிராமல் திருகினார். தையல்காரம்மா சோதித்துப் பார்க்க வேறு நூல் வாங்கிவரக் கீழே கடைக்குப் போனார். பக்கத்து மேஜையில் ஒரு வாக்குவம் கிளீனரைப் போட்டு அலறவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து கேமராவில் பேட்டரி தீர்ந்தது. கடைக்குட்டி குனிந்து வேறு பேட்டரி மாற்றி நிமிரும்போது லிஃப்ட்காரர் மிதியிலிருந்து காலை எடுத்துக்கொண்டிருந்தார்.

பதிவுப் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் கேட்டாள். "அண்ணே, ஓடுச்சா?"

"ஓடுச்சாவா? வெண்ணெய் மாதிரி ஓடுது! பாக்கலையா நீ?"

"அய்யோ, பேட்டரி மாத்திட்டு இருந்தேன்ணே. போச்சு! அண்ணே, இன்னொரு தடவை. அந்த ஸ்க்ரூவக் கொஞ்சம் கழட்டிட்டு, மறுபடி மாட்டி ஓட்டுங்களேன். எனக்காக."

லிஃப்ட்காரர் யோசித்தார். ரொம்ப நேரம் இல்லை. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"சரி, அந்தப் பக்கம் வந்து நில்லு. இந்தப் பக்கம் வழுக்கை தெரியும்."

அவள் இடம் மாறினாள். அவர் கேமராவைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினார். மறுபடி மாட்டும்போது கண் பாதி மெஷினில், பாதி லென்ஸில். முழுக்க முறுக்காமலே மிதியை அழுத்தினார். டக் என்று ஒரே சத்தம். ஊசி இறங்கி லூப்பரில் மோதி, லூப்பரின் முனை உடைந்து தெறித்தது.

நூல்கண்டோடு தையல்காரம்மா வந்து நின்றார். "என்னண்ணே?"

"கை தவறிடுச்சும்மா" என்றார் லிஃப்ட்காரர். "என் தப்பு. இந்தப் பார்ட்டு புதுசுதான் போடணும். புதன்கிழமைக்கு முன்னாடி கிடைக்காது."

தையல்காரம்மா நூல்கண்டை மேஜையில் வைத்துவிட்டு மெஷினையே பார்த்தார். கண் கலங்கியது. கடைக்குட்டி அதை எடுத்தாள். லிஃப்ட்காரர் சிவப்பு அட்டையில் தன் பெயரை எழுதி, 'கை தவறு' என்று காரணம் போட்டுப் பலகையில் குத்தினார். அதையும் கிட்டப் போய் எடுத்தாள். நான்தான் கழற்றச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்குள் ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவளுக்கு அவல் கிடைத்திருந்தது.

வியாழக்கிழமை பேராசிரியரிடம் போட்டுக் காட்டினாள். தன் குரல் வருகிற பதினொரு விநாடியை வெட்டியிருந்தாள். வெட்டியபின் பார்த்தால், ஒரு மனிதர் மெஷினைக் குடைகிறார், உடைக்கிறார், ஒரு பெண் கண் கலங்குகிறாள், அவர் சிவப்பு அட்டை குத்துகிறார். அவ்வளவுதான்.

பேராசிரியர் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்துவிட்டார். "இதுதான் படம். உதவி செய்யணும்னு ஆசை இருக்கு, கையில வித்தை இல்ல. எவ்வளவு பெரிய சோகம்! இதை நடுவுல வை." அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "நீ எதுவும் செய்யச் சொல்லலையே? முதல் வகுப்புலயே சொல்லியிருக்கேன். நடிக்க வச்சது தெரிஞ்சா பாஸ் கிடையாது."

"இல்ல சார்."

பாராட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவளுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தது. கத்தவும் முடியாது, தேய்த்துவிடவும் முடியாது.

அடுத்த சனிக்கிழமை இன்னும் இரண்டு மூன்று துண்டுகள் எடுக்கலாம் என்று போனாள். படி ஏறியதும் வாசல் மேஜையில் லிஃப்ட்காரர் உட்கார்ந்து, ஒரு கிழவருக்குச் சீட்டு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதே இஸ்திரிச் சட்டை. பையில் ஸ்க்ரூடிரைவர் இல்லை. சீப்பும் இல்லை.

"என்னண்ணே இங்க உக்காந்திருக்கீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் கிளப்பை நடத்துகிற டீச்சர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் நடத்துகிறவர். பேச்சும் சோதனைக்குழாயில் அளந்து ஊற்றுகிற மாதிரிதான். "மூணாவது சிவப்புச் சீட்டு. மூணு ஆச்சுன்னா வருஷம் முடியிற வரைக்கும் கருவியைத் தொடக் கூடாது. வாசல் மேஜைதான். நான் வச்ச விதி இல்ல, அவரும் கைதூக்கி ஒத்துக்கிட்ட விதி."

வருஷம் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது.

டீச்சர் நகர்ந்ததும் கடைக்குட்டி குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, ஏன் சொல்லல? நான் கேட்டதாலதானே..."

"என்னத்தச் சொல்ல? கை யாரோடது? என்னோடது. விடு." சீட்டுக் கட்டை நேராக அடுக்கினார். அடுக்கிய கட்டையே மறுபடியும் அடுக்கினார். "அதெல்லாம் போகட்டும். படத்துல நான் நல்லாத் தெரியிறேனா?"

அவள் தலையை ஆட்டினாள். என்ன தலையாட்டல் அது, கடவுளே! அன்றைக்குக் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவுக்கு ஓய்வு. கால் நீட்டி உட்கார்ந்து, மடிக்கணினியில் படத்தைப் பார்த்தாள். பதினாறு மீட்டர் வண்டியைச் சந்துக்குள் திருப்புகிறவள். கண்ணுக்கு ஒன்றும் தப்பாது.

"நிறுத்து. பின்னாடி போ. இங்க. கழட்டுறதுக்கு முன்னாடி உன்னைப் பாத்துத் தலையாட்டுறாரே, எதுக்கு?"

"சும்மா."

"சும்மா யாருடி தலையாட்டுவா? கண்டக்டர் விசிலடிச்சாத்தான் நான் வண்டிய எடுப்பேன். நீ என்ன விசில் அடிச்ச?"

கடைக்குட்டி எல்லாவற்றையும் கொட்டினாள். பேட்டரி, இன்னொரு தடவை, டக், மூன்றாவது சீட்டு, இல்ல சார். கொட்டும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா துண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அந்தப் பதினொரு விநாடி எங்க?"

"வெட்டிட்டேன். இருக்கு, தனியா."

"உன் குரல்னா வெட்டுவ. அவரு கைன்னா போடுவ. நல்லாருக்குடி உன் படம்."

"சேத்தா ஃபெயில்க்கா. ஒரு பருவம் போயிடும்."

"போகட்டும். உனக்கு ஒரு பருவம். அந்த ஆளுக்கு எட்டு மாசம் சனிக்கிழமையே இல்ல." அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அடுக்களையிலிருந்து இன்னொன்றும் சொன்னாள். "உன் இஷ்டம். ஆனா எனக்கு மறுபடி அந்தப் படத்தைப் போட்டுக் காட்டாத."

அந்த வாரம் முழுக்க அக்கா அவளோடு பேசவில்லை. கடைக்குட்டி பதினொரு விநாடியைச் சேர்ப்பாள், எடுப்பாள். வெள்ளிக்கிழமை சேர்த்துவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

சனிக்கிழமை கிளப்பில் நல்ல கூட்டம். புது லூப்பர் போட்டுத் தயாராக இருந்த மெஷினை எடுத்துப் போகத் தையல்காரம்மாவும் வந்திருந்தார். கடைக்குட்டி நேரே டீச்சரிடம் போய், "ரெண்டு நிமிஷம் எல்லாரும் இதப் பாக்கணும்" என்றாள். மூன்றாம் மேஜையில் மடிக்கணினியை வைத்துச் சத்தத்தை முழுக்க ஏற்றினாள்.

'அண்ணே, இன்னொரு தடவை... எனக்காக' என்று அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. 'இந்தப் பக்கம் வழுக்கை தெரியும்' என்று லிஃப்ட்காரர் குரலும் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் டக்.

நல்லது செய்துவிட்டோம் என்று அவள் நிமிர்ந்தால், வாசல் மேஜையிலிருந்து லிஃப்ட்காரர் எழுந்து நிற்கிறார். முகம் சிவந்து கிடக்கிறது.

"யாரு உன்னை இதக் காட்டச் சொன்னது?"

"அண்ணே, உங்க மேல தப்பில்லன்னு..."

"கை தவறிச்சுன்னா எவனுக்கும் தவறும்! அதுல மானம் போகாது. இப்ப என்ன ஆச்சு? நல்லா ஓடுற மெஷினை சினிமாவுக்காகக் கழட்டினவன்னு ஆச்சு! சீப்பு வச்சுத் தலைசீவினவன்னு ஆச்சு! இதுக்குத்தான் நான் வாயை மூடிட்டு இருந்தேன், உன்னைக் காப்பாத்த இல்ல!"

அவர் பெருந்தன்மையால் அல்ல, வெட்கத்தால்தான் பொறுத்துக்கொண்டார் என்பது அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவருடைய வெட்கத்தைப் பொட்டலம் பிரித்து அறை நடுவில் வைத்திருந்தாள்.

தையல்காரம்மா மெதுவாகக் கேட்டார். "அப்போ அது ஓடிட்டு இருந்துச்சா?"

கடைக்குட்டி மடிக்கணினியை மூடினாள்.

"ரெண்டு ராத்திரி கையால ஓரம் அடிச்சேன். அப்படியும் கோட்டு ரெண்டு நாள் லேட்டு. அந்த ஆஸ்பத்திரிக்காரன் பேசின பேச்சு இருக்கே..." கடைக்குட்டியை மேலும் கீழும் பார்த்தார். "பொத்தான் தைக்கத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அடுத்த ஆர்டர் முப்பது கோட்டு இருக்கு. நாளைக்குக் காலையில வந்துடு. கேமரா இல்லாம."

டீச்சர் பலகைக்குப் போய் அந்தச் சிவப்பு அட்டையைப் பிடுங்கினார். லிஃப்ட்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"கை அவரோடதுதான்" என்றார் டீச்சர். "அதனால பேர் இருக்கும். ஆனா கை தவறுன்னு எழுதியிருக்கு, அது பொய். பொய்ச்சீட்டு பலகையில இருக்கக் கூடாது." பேனாவைக் கடைக்குட்டியிடம் நீட்டினார். "உன் பேரையும் எழுது. காரணத்தை அடிச்சிட்டு 'இன்னொரு தடவை'ன்னு எழுது. ஆளுக்குப் பாதி. அப்போ அவர் கணக்குல ரெண்டரை. ரெண்டரை மூணு ஆகாது. அவர் கருவியைத் தொடலாம்."

"அந்த நாற்காலி?" என்று யாரோ கேட்டார்கள். வாசல் மேஜைக்கு ஆள் இல்லாமல் கிளப் நடக்காது.

டீச்சர் கடைக்குட்டியைப் பார்த்தார். அவள் போய் உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கழிந்திருந்தது, மீதி அவளுக்கு.

திங்கட்கிழமை பேராசிரியரிடமும் முழுப் படத்தையும் போட்டாள். முடிந்ததும் அவர் எழுந்து விளக்கைப் போட்டார். "போன தடவை காட்டினதைவிட இது நல்ல படம்" என்றார். "பாஸ் போட முடியாது." கல்லூரிக் கேமராவைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அடுத்த பருவம் அவள் கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு கடைசி பெஞ்சில்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டதும் வாயால்தான், ஆனால் அதே வாயை வெட்டாமல் வைத்ததால் அக்கா அவளோடு மறுபடி பேசினாள். அன்று வேலை முடிந்து வரும்போது கடையில் நின்று அவளுக்கு ஒரு புதுச் செருப்பு வாங்கிவந்தாள். எதற்கு என்று இவளும் கேட்கவில்லை.

லிஃப்ட்காரர்தான் பேசவில்லை. அவருக்குக் கிளப்பில் ரெண்டரை என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. 'ரெண்டரை எங்கப்பா?', 'இதை ரெண்டரைகிட்டக் குடு' என்று கூப்பிடும்போதெல்லாம் அவர் வாசல் மேஜையை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்புவார். சனிக்கிழமை வந்ததும் அவளுக்கு வணக்கம்கூடக் கிடையாது. அவள் எழுதிய சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். எழுத்து புரியாவிட்டால் டீச்சரிடம் கேட்டுக்கொள்வார். இப்படி ஐந்து வாரம்.

அவளும் சீட்டு எழுதினாள். விசிறி, சுற்றவில்லை. கெட்டில், சுடவில்லை. பொம்மை, அழுவதை நிறுத்தவில்லை. உள்ளே மணி அடிக்கும். வாசல் மேஜையிலிருந்து பார்த்தால் ஆட்களின் முதுகு மட்டும்தான் தெரியும். மணிச் சத்தம் கேட்டுக் கழுத்தை நீட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆறாவது வாரம் தபால்காரர் ஒருவர் பழைய மேஜை விசிறியோடு வந்தார். ஏற்கெனவே இரண்டு சனிக்கிழமை லிஃப்ட்காரர் குடைந்து பார்த்தும் அது அசையவில்லை. நாலு மணிக்கு மேல், வாசலில் யாரும் இல்லாத நேரம், உள்ளேயிருந்து லிஃப்ட்காரர் குரல் கேட்டது.

"ஏய், கேமரா!"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் விசிறிக்குப் பின்னால் நின்று, சுவிட்சில் விரல் வைக்கப் போன தபால்காரரின் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். தலை கலைந்து, வழுக்கை நன்றாகத் தெரிந்தது.

"என்ன முழிக்கிற? பேனாவை வச்சிட்டு ஓடி வா" என்றார். "ஒரே தடவைதான் ஓட்டிக் காட்டுவோம்."